ரெண்டடித் தொட்டிக்கு எத்தனை எம்எம் கண்ணாடி?

காவேரிப்பட்டணத்திலிருந்து அக்கா மகன் போன் செய்தான். “மாமா, ரெண்டடி மீன்தொட்டி ஒன்னு நானே ஒட்டப் போறேன். எத்தனை எம்எம் கண்ணாடி வாங்கட்டும்?”

“உயரம் எவ்வளவுடா?”

“அதை இன்னும் முடிவு பண்ணல மாமா. ஒரு அம்பது, அறுபது லிட்டர் பிடிக்கணும். அவ்வளவுதான்.”

இந்தப் பேச்சில்தான் சிக்கலே இருக்கிறது. மீன் கடைகளில் ரெண்டடித் தொட்டி, மூணடித் தொட்டி என்று நீளத்தை வைத்துப் பேர் சொல்வார்கள். வீட்டில் செய்பவர்கள் லிட்டர் கணக்குப் பேசுவார்கள். ‘அறுபது லிட்டர் தானே, சின்னத் தொட்டி, மெல்லிய கண்ணாடி போதும்’ என்று ஒரு கூட்டம். ‘நூறு லிட்டர் ஆச்சே, பத்து எம்எம் வேண்டாமா’ என்று இன்னொரு கூட்டம். இரண்டுமே தவறான இடத்தில் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. கண்ணாடிக்கு லிட்டர் தெரியாது. அதற்குத் தெரிந்தது தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பது.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொன்னால் பொய். தர்மபுரிக்குக் குடிவந்த புதிதில், யாரோ கழற்றிப் போட்ட ஷோகேஸ் கண்ணாடியை வாங்கி வந்து ஒரு தொட்டி ஒட்டினேன். நீளம் ஒன்றரை அடி, அகலம் ஒரு அடி, உயரம் இரண்டு அடி. கண்ணாடி 4 மி.மீ. பார்க்க அழகாக, ஒரு கோபுரம் போல இருந்தது. மூன்றாவது வாரம் ராத்திரி ஒரு மணிக்குப் ‘படீர்’ என்று சத்தம். எழுந்து பார்த்தால் கூடம் முழுக்கத் தண்ணீர், நடுவில் இரண்டு கோல்டு ஃபிஷ் துடித்துக்கொண்டிருந்தன. அவற்றைச் சோற்றுக் குண்டானில் போட்டுக் காப்பாற்றினோம். அந்தக் குண்டானில் அப்புறம் யாரும் சமைக்கவில்லை. அது தனிக் கதை.

கேழ்வரகு மூட்டையும் தண்ணீரும்

முதலில் தண்ணீர் ஏன் பக்கவாட்டில் தள்ளுகிறது என்று பார்ப்போம். பத்துச் செங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். எடை முழுவதும் தரையில்தான் இறங்கும். பக்கத்தில் ஒரு அட்டையை ஒட்டி நிறுத்தினால் அட்டைக்கு ஒன்றும் ஆகாது. செங்கல் தன் வடிவத்தைத் தானே பிடித்துக்கொள்ளும்.

இப்போது ஒரு கேழ்வரகு மூட்டையை நிமிர்த்தி வையுங்கள். நம் பக்கத்து வீடுகளில் இதற்குப் பஞ்சமில்லை. மூட்டை மேலே சப்பையாகவும் அடியில் பிதுங்கியும் நிற்கும். மேலே இருக்கும் தானியம் கீழே இருப்பதை அமுக்குகிறது. அமுங்கிய தானியம் பக்கத்தில் விலகப் பார்க்கிறது. சாக்கு அதைத் தடுக்கிறது. அடியில் அமுக்கல் அதிகம் என்பதால் பிதுக்கமும் அங்கேதான் அதிகம்.

தானியத்துக்காவது ஒன்றோடொன்று உரசி நிற்கும் பிடிப்பு கொஞ்சம் உண்டு. அதனால்தான் கொட்டினால் குவியலாக நிற்கிறது. தண்ணீருக்கு அந்தப் பிடிப்புகூடக் கிடையாது. மேலிருந்து அமுக்கினால், அதே அளவு தள்ளலைக் கீழே, பக்கத்தில், மேலே என்று எல்லாத் திசையிலும் அப்படியே காட்டும்.

இந்தத் தள்ளலை அளக்க ஒரு சொல் வேண்டும். ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தின்மேல் எவ்வளவு தள்ளல் விழுகிறது என்பதை அழுத்தம் என்கிறோம். தண்ணீரில் இதைக் கணக்கிடுவது மிகச் சுலபம். ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடை ஒரு கிராம். ஆகவே 10 சென்டிமீட்டர் ஆழத்தில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் தலைமேலும் 10 கிராம் தண்ணீர் நிற்கிறது. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் 30 கிராம். ஆழம் எத்தனை சென்டிமீட்டரோ, அழுத்தம் அத்தனை கிராம். பள்ளிக்கூடத்தில் கிரேக்க எழுத்தெல்லாம் போட்டுச் சொல்லிக் கொடுத்த சூத்திரம் நம் வேலைக்கு இவ்வளவுதான்.

வீட்டிலேயே இதைத் தினமும் பார்க்கிறோம். மொட்டை மாடியில் சின்டெக்ஸ் இருக்கும். மேல்மாடிக் குழாயைத் திறந்தால் தண்ணீர் சோம்பலாக விழும். கீழே வாசல் குழாயைத் திறந்தால் பீய்ச்சி அடிக்கும். தொட்டி ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். வாசல் குழாய்க்குமேல் நிற்கும் தண்ணீரின் உயரம் அதிகம். 500 லிட்டர் தொட்டியை எடுத்துவிட்டு, அதே உயரத்தில் அகலமான 1000 லிட்டர் தொட்டியை வைத்தாலும் குழாயில் வேகம் கூடாது. தண்ணீர் தீர நாள் பிடிக்கும், அவ்வளவே.

இதுவரை இரண்டு விஷயம் கிடைத்தது. தண்ணீர் எல்லாப் பக்கமும் தள்ளும். எவ்வளவு தள்ளும் என்பது ஆழத்தைப் பொறுத்தது.

அகலம் ஏன் கணக்கில் வராது

நம்பச் சிரமமான இடம் இதுதான். ‘கண்ணாடிக்குப் பின்னால் அதிகத் தண்ணீர் இருந்தால் அதிகமாகத் தள்ளாதா?’ என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் ஒரு நீளமான, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு முனை இந்தத் தூணில், மறுமுனை அந்தத் தூணில். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்தக் குழாயின் ஒரு முனையை 200 லிட்டர் டிரம்மின் அடியில் ஓட்டை போட்டுச் செருகி, மறுமுனையை நிமிர்த்திப் பிடித்ததாக நினைத்துப் பாருங்கள். குழாயில் இருப்பது அரை டம்ளர் தண்ணீர். டிரம்மில் 200 லிட்டர். அதிகத் தண்ணீர் அதிகமாகத் தள்ளும் என்பது உண்மையானால், டிரம் தண்ணீர் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி வெளியே அடிக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. குழாயிலும் டிரம்மிலும் ஒரே மட்டத்தில் தண்ணீர் அமைதியாக நிற்கிறது. அரை டம்ளர் தண்ணீர் 200 லிட்டரை எதிர்த்து நிற்கிறது என்றால், அந்த ஆழத்தில் இருவர் பலமும் சமம் என்றுதானே பொருள்?

டிரம்மில் இருக்கும் மிச்சத் தண்ணீரின் எடை எங்கே போனது? டிரம்மின் அடித்தகட்டின் மேல் இறங்குகிறது. தண்ணீர் எடை முழுவதும் கீழே உண்டு. பக்கத்தில் தெரிவது உயரம் மட்டும்.

மழைக்காலத்தில் பேப்பரைத் திறந்தால் கிருஷ்ணகிரி அணைச் செய்தி இருக்கும். மொத்த உயரம் 52 அடி, இன்றைய நீர்மட்டம் இத்தனை அடி என்று. கொள்ளளவை வேறு கணக்கில் சொல்வார்கள், அது பாசனத்துக்கு. தென்பெண்ணைக் கரையில் கிருஷ்ணகிரி தொடங்கிக் கடலூர் வரை ஐந்து மாவட்டத்துக்கும் எச்சரிக்கை கொடுக்கும்போது எல்லார் கண்ணும் அந்த அடிக்கணக்கின்மேல்தான். அணைச்சுவருக்குப் பின்னால் தண்ணீர் அரைக் கிலோமீட்டர் பரவியிருந்தாலும், ஐந்து கிலோமீட்டர் பரவியிருந்தாலும், உயரம் ஒன்றே என்றால் சுவரின்மேல் விழும் தள்ளலும் ஒன்றே. அணைச்சுவர் அடியில் அகலமாகவும் உச்சியில் ஒடுங்கியும் இருப்பதற்கும் அந்தக் கேழ்வரகு மூட்டைதான் காரணம்.

மருமகனுக்கு இதைச் சொன்னபோது, “அப்போ தொட்டியைப் பின்பக்கமா எவ்வளவு வேணா அகலமாக்கலாமா?” என்று கேட்டான். முன்கண்ணாடியைப் பொறுத்தவரை ஆமாம். மேசை தாங்குமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஒரு சின்னக் கணக்கு

60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டி. அதுதான் கடையில் சொல்லும் ரெண்டடித் தொட்டி. விளிம்புவரை நிரப்பினால் 54 லிட்டர். முன்கண்ணாடியின் உச்சியில் அழுத்தம் பூஜ்யம். அடியில் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம். சராசரி 15. கண்ணாடியின் பரப்பு 60 பெருக்கல் 30, அதாவது 1800 சதுர சென்டிமீட்டர். 1800-ஐ 15-ஆல் பெருக்கினால் 27,000 கிராம். முன்கண்ணாடியின்மேல் விழும் மொத்தத் தள்ளல் 27 கிலோ.

அகலத்தை மட்டும் இரட்டிப்பாக்குவோம். 60-க்கு 60-க்கு 30. தண்ணீர் 108 லிட்டர் ஆகிவிட்டது. முன்கண்ணாடிக் கணக்கில் அகலம் எங்கும் வரவில்லை என்பதைப் பாருங்கள். அதே 27 கிலோ.

இப்போது எதிர்ப்பக்கம் போவோம். நீளம் 60, அகலம் 15, உயரம் 60. தண்ணீர் அதே 54 லிட்டர்தான். சராசரி அழுத்தம் 30 கிராம்; பரப்பு 3600. தள்ளல் 108 கிலோ. லிட்டர் ஒன்றும் கூடவில்லை. தள்ளல் நான்கு மடங்கு. உயரம் இரட்டித்தால் அழுத்தமும் இரட்டிக்கிறது, அது விழும் பரப்பும் இரட்டிக்கிறது. இரண்டும் சேர்ந்து நான்கு. என் கோபுரத் தொட்டி ஏன் ராத்திரி ஒரு மணிக்கு எழுப்பியது என்பதற்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது. மீதிப் பாதி கண்ணாடியில் இருந்தது.

அடியில் அழுத்தம், மேலே வளைவு

அழுத்தம் அடியில்தான் அதிகம் என்றால் கண்ணாடியும் அடியில்தான் வளையும் என்று நினைப்போம். அப்படியில்லை. அடியில் கண்ணாடி அடிக்கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் பக்கக் கண்ணாடிகள் பிடித்திருக்கின்றன. மேல் விளிம்பை மட்டும் யாரும் பிடிக்கவில்லை. ஆகவே மேல் விளிம்பின் நடுப்பகுதிதான் வெளியே வளைந்து வரும். நிறைந்த தொட்டியின் மேல்விளிம்பில் ஒரு நேரான மட்டக்கோலை வைத்துப் பார்த்தால் நீளமான தொட்டிகளில் இது கண்ணுக்கே தெரியும்.

நீளத்துக்கு வேலை வருவது இங்கேதான். திண்ணையில் இரண்டு செங்கல்லின்மேல் வைத்த பலகை குட்டையாக இருந்தால் உட்காரும்போது அசையாது. அதே கனத்தில் நீளப் பலகை என்றால் நடுவில் தொய்யும். கண்ணாடியும் அப்படித்தான். ஒவ்வொரு அடி நீளத்திலும் விழும் தள்ளல் ஒன்றுதான் என்றாலும், பிடிமானம் தூரத்தில் இருந்தால் வளைவு கூடும். அதனால் கனத்தை முதலில் முடிவு செய்வது உயரம், அப்புறம் நீளம். முன்கண்ணாடிக் கணக்கில் அகலத்துக்கு இடமே இல்லை.

இரண்டடிக்கு மேல் நீளம் போனால் மேல் விளிம்பின் உள்பக்கம் ஓரிரு அங்குல அகலத்தில் ஒரு கண்ணாடித் துண்டைப் படுக்கையாக ஒட்டுவார்கள். மேல்பட்டி என்று சொல்லலாம். யாரும் பிடிக்காத அந்த விளிம்பைப் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. பலர் அதை மூடி வைக்கும் திண்டு என்று நினைத்து வெட்டி எறிந்துவிடுகிறார்கள்.

சரி, எத்தனை மி.மீ.? இரண்டடி, மிஞ்சினால் இரண்டரை அடி நீளத்துக்குள் இருக்கும் வீட்டுத் தொட்டிக்கு நான் சொல்வது இது. தண்ணீர் ஒரு அடி உயரம்வரை என்றால் 5 மி.மீ. பதினைந்து அங்குலத்துக்கு 6. ஒன்றரை அடிக்கு 8. அதற்குமேல் முதல் தொட்டியாக யாரும் செய்ய வேண்டாம். இந்த அளவுகளில் தாராளமாகவே இடம் விட்டிருக்கிறேன். கையால் ஒட்டும் முதல் தொட்டியில் தப்பு நடக்கும், அதற்கும் சேர்த்து.

ஒரு மி.மீ. கூட்டினால் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். கண்ணாடியின் தாங்குதிறன் கனத்தின் வர்க்கமாகக் கூடும். 5-க்கு 25, 6-க்கு 36. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வளையாமல் நிற்கும் விறைப்பு இன்னும் வேகமாக, கனத்தின் மூன்றாம் படியாகக் கூடும்: 125-க்கு 216. அதாவது ஒரு மி.மீ.க்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண்போகாது.

கண்ணாடி எங்கே தோற்கிறது

கண்ணாடியை அமுக்கினால் அபாரமாகத் தாங்கும். இழுத்தால் தாங்காது. வளைவு என்பதில் இரண்டும் உண்டு: ஒரு முகம் அமுங்கும், மறுமுகம் இழுபடும். இழுபடும் முகத்தில் ஒரு கீறல் இருந்தால் இழுப்பு முழுவதும் அந்தக் கீறலின் நுனியில் வந்து குவியும். புதுத் துணியைக் கையால் கிழிக்க முடியாது. ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு கொடுத்துவிட்டால் ஜவுளிக்கடைப் பையன் ‘சர்ர்’ என்று கிழித்துக் கொடுக்கிறான் அல்லவா? அதே சங்கதி. கண்ணாடி வெட்டுபவரும் முழுக் கனத்தையும் அறுப்பதில்லை. மேலே ஒரு கோடு கீறி, வளைத்துத் தட்டுகிறார். கீறல் மீதி வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

என் ஷோகேஸ் கண்ணாடியின் ஓரத்தில் கீல் மாட்டியிருந்த இடத்தில் ஒரு நெல் அளவு பிசிறு உடைந்திருந்தது. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பியிருந்தது. உடைந்த துண்டுகளை மறுநாள் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது. மூன்று வாரம் தாங்கியதே பெரிது.

ஆகவே பழைய ஜன்னல், ஷோகேஸ் கண்ணாடி வேண்டாம். புதுக் கண்ணாடி வெட்டும்போது ஓரத்தை உரசித் தரச் சொல்லுங்கள். கை வெட்டாமல் இருக்க மட்டுமல்ல. ஓரத்தின் சின்னச் சின்னப் பிசிறுகளை அது எடுத்துவிடும். வாங்கும் இடத்திலேயே ஒவ்வொரு ஓரத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மூலையில் சிப்பி போல உடைந்திருந்தால் மாற்றிக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

‘டஃபன்டு கண்ணாடி’ என்று சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியேற்றிய கண்ணாடி ஒன்று உண்டு. அது பல மடங்கு பலம். ஆனால் உறுதியேற்றிய பின் அதை வெட்ட முடியாது, ஓட்டை போட முடியாது, உடைந்தால் மொத்தமாகப் பொலபொலவென்று உதிரும். ஒரு அடி உயரத் தொட்டிக்கு அது தேவையில்லை.

ஒட்டும் ரப்பர்

சிலிகானைப் பசை என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இறுகும் ஒரு ரப்பர். டியூபில் இருக்கும்வரை குழம்பு. வெளியே வந்ததும் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு ரப்பராக மாறுகிறது. மாறும்போது வினிகர் வாடை அடிக்கும். அந்த வாடை முழுவதும் போகாதவரை உள்ளே இறுகவில்லை என்று அர்த்தம்.

இது எவ்வளவு தாங்கும்? நம் ரெண்டடித் தொட்டியின் முன்கண்ணாடி அடியில் 60 சென்டிமீட்டர், இரு பக்கமும் 30, 30. ஆக 120 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒட்டப்படுகிறது. ஒட்டும் அகலம் கண்ணாடியின் கனம்தான், அரை சென்டிமீட்டர். மொத்தம் 60 சதுர சென்டிமீட்டர். 27 கிலோவை அதில் பகிர்ந்தால் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோகூட வராது. நன்றாக இறுகிய சிலிகான் 10 கிலோவுக்குமேல் தாங்கும். ஆகவே ‘பயமா இருக்கு, இன்னும் ரெண்டு கோட்டிங் அடிக்கிறேன்’ என்று மூலை முழுக்க அப்புவதில் பயனில்லை. பலம் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய படலத்தில் இருக்கிறது. உள்மூலையில் விரலால் வழித்து விடுவது நீர் கசியாமல் இருக்க ஒரு கூடுதல் காப்பு.

பின் ஏன் பல தொட்டிகள் மூட்டில் பிரிகின்றன? அழுக்கு. விரல் பட்ட எண்ணெய், கடையில் வெட்டும்போது தடவிய மண்ணெண்ணெய், தூசி. ஒட்டும் ஓரத்தையும் ஒட்டப்படும் பரப்பையும் ஸ்பிரிட்டாலோ அசிட்டோனாலோ துடைத்துவிட்டு, பிறகு கை வைக்கக் கூடாது. நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம்; நகம் வறளாமலிருக்கப் பலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும். இன்னொன்று, இறுகிய பழைய சிலிகானின்மேல் புதுச் சிலிகான் சரியாக ஒட்டாது. கசிகிற மூட்டின்மேல் பூசிக்கொண்டே போகிறவர்கள் ஒருநாளும் ஜெயிப்பதில்லை. சுரண்டி எடுத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

ஒட்டும்போது கண்ணாடியை இறுக்கி நசுக்காதீர்கள். நடுவில் ஒரு மி.மீ. அளவாவது ரப்பர் இருந்தால்தான் கண்ணாடி வளையும்போது அதுவும் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். முழுக்க வழிந்து வெளியே வந்துவிட்டால் கண்ணாடியும் கண்ணாடியும் முட்டிக்கொள்ளும்.

டியூப் வாங்கும்போது பூஞ்சை பிடிக்காத வகை என்று எழுதியிருந்தால் அதைத் திருப்பி வையுங்கள். குளியலறைக்கு அது நல்லது. பூஞ்சையைக் கொல்லும் மருந்து மீனுக்கும் ஆகாது. மீன்தொட்டிக்கு என்றே போட்டிருப்பதை வாங்குவது நிம்மதி.

சுருக்கமாக: கனத்தை முடிவு செய்வது உயரம், கண்ணாடியைத் தோற்கடிப்பது கீறல், மூட்டைத் தோற்கடிப்பது அழுக்கு.

அடிக்கண்ணாடியும் மேசையும்

லிட்டர் கணக்கு வேலைக்கு வரும் இடம் கடைசியாக இதோ. 54 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டும் 54 கிலோ. 5 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்குப் பன்னிரண்டரை கிலோ. ஐந்து துண்டும் சேர்ந்து 9 கிலோ. கூழாங்கல் ஒரு எட்டு, பத்து. ஆக எழுபதைத் தாண்டிவிடும். ஒரு ஆள் ராத்திரி பகலாக அந்த மேசைமேல் உட்கார்ந்திருப்பது போல. டிவி வைக்கும் பிளைவுட் ஸ்டாண்ட் இதைத் தாங்குமா என்று நீங்களே ஏறி உட்கார்ந்து பாருங்கள்.

இவ்வளவு எடை இருந்தும் அடிக்கண்ணாடி தப்பிக்கக் காரணம் உண்டு. அது முழுவதும் ஒரு தட்டையான பரப்பில் படிந்து உட்கார்ந்திருந்தால், மேலே இருந்து அமுக்கப்படுகிறதே தவிர வளைவதில்லை. அமுக்கினால் கண்ணாடி தாங்கும் என்று பார்த்தோம். மேசை ஒரு மூலையில் தாழ்ந்திருந்தால், அல்லது அடியில் ஒரு மணல் பருக்கை மாட்டியிருந்தால் கதை மாறிவிடும். வளைவும் இழுப்பும் அந்த இடத்தில் வந்துவிடும். அதற்காகத்தான் அரை அங்குலத் தெர்மாகோல் விரிப்பது. சின்ன மேடு பள்ளத்தை அது விழுங்கிக்கொள்ளும். கோணலான மேசையை நேராக்காது. அதை ரசமட்டம் வைத்து நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறைகளில் மிச்சத் துண்டுகள் கிடைக்கும். ரெண்டடிக்கு ஒரு அடி பாலிஷ் துண்டு ஒன்றைச் செங்கல் கட்டின்மேல் படியவைத்தால் அதைவிட நல்ல மேசை எந்த ஃபர்னிச்சர் கடையிலும் இல்லை.

வெட்டச் சொல்லும் அளவு

கண்ணாடிக் கடையில் அங்குலமும் நூலும்தான் பேச்சு. எட்டு நூல் ஒரு அங்குலம். 5 மி.மீ. கண்ணாடியில் ரெண்டடித் தொட்டிக்கு: அடிக்கு 24-க்கு 12 ஒன்று. முன்னும் பின்னும் 24-க்கு 12 இரண்டு. பக்கங்களுக்கு 12-க்கு 12 என்று சொல்லிவிடாதீர்கள். பக்கக் கண்ணாடிகள் முன், பின் கண்ணாடிகளுக்கு இடையில் நுழைந்து நிற்க வேண்டும். இரண்டு கண்ணாடிக் கனம் 10 மி.மீ., இருபுறமும் சிலிகானுக்கு ஒவ்வொரு மி.மீ. சொச்சம். ஆகவே பக்கங்கள் பதினொன்றரைக்கு 12, இரண்டு. முதல்முறை செய்பவர்களில் பாதிப் பேர் இந்த அரை அங்குலத்தில்தான் மறுபடியும் கடைக்கு ஓடுகிறார்கள்.

நான்கு சுவரும் அடிக்கண்ணாடியின் மேல் நிற்கும். பின்கண்ணாடியை முதலில் நிறுத்தி, பக்கங்கள் இரண்டையும் சேர்த்து, கடைசியாக முன்கண்ணாடி. வெளியே மாஸ்கிங் டேப் போட்டுப் பிடிக்கவைத்துவிட்டால் போதும். சிலிகான் பத்து நிமிஷத்துக்குள் மேலே ஆடை கட்டத் தொடங்கும் என்பதால் ஒத்திகை பார்த்துவிட்டு ஒட்டுவது நல்லது. கூட ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. நான்கு கை வேலை இது.

தண்ணீர் விட்டுப் பார்ப்பது

இரண்டு நாளில் தொட்டுப் பார்த்தால் இறுகிவிட்டது போலத்தான் இருக்கும். உள்ளே இறுகாது. சிலிகான் ஓரத்திலிருந்து உள்நோக்கி, நாளுக்கு இரண்டு மூன்று மி.மீ. என்றுதான் இறுகும், காற்றில் ஈரம் குறைந்தால் இன்னும் மெதுவாக. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் காற்று காய்ந்துகிடக்கும். ஒரு வாரம் விட்டுவிடுங்கள்.

அப்புறம் தொட்டியை வாசலிலோ மொட்டை மாடியிலோ, கடைசியில் நிற்கப்போவது போன்ற தட்டையான இடத்தில், செய்தித்தாள் விரித்து அதன்மேல் வைத்து, கால் பங்கு நிரப்பி ஒரு மணி நேரம் பாருங்கள். அப்புறம் பாதி. அப்புறம் முழுக்க. இரண்டு நாள் அப்படியே நிற்கட்டும். கசிவு இருந்தால் செய்தித்தாள் சொல்லிவிடும். தண்ணீரோடு தூக்கி நகர்த்தாதீர்கள், பாதித் தண்ணீரோடும் கூடாது. தூக்கும்போது தொட்டி முறுக்கிக்கொள்ளும். மூட்டுக்கு முறுக்கு ஆகாது.

செய்தித்தாள் காட்டாத மெல்லிய கசிவையும் நம் போர் தண்ணீர் காட்டிக் கொடுக்கும். உப்புத் தண்ணீர் என்று நாம் திட்டும் அந்தக் கடினநீர், கசிந்து காய்ந்த இடத்தில் மூட்டின் வெளிப்பக்கம் வெள்ளையாக ஒரு கோடு விட்டுப்போகும். மாதத்துக்கு ஒருமுறை மூட்டுகளைச் சுற்றி விரல் ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பாக வெள்ளை தட்டுப்பட்டால் அங்கே தண்ணீர் வழி கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம்.

மருமகன் கடைசியில் 24-க்கு 15-க்கு 12 என்று முடிவு செய்தான். அகலத்தில் மூன்று அங்குலம் கூட்டிக்கொண்டான். கண்ணாடி 5 மி.மீ.தான். “பக்கம் பதினாலரை தானே மாமா?” என்று மட்டும் ஒருதரம் கேட்டான். ஆமாம் என்றேன். போன வாரம் படம் அனுப்பியிருந்தான். திண்ணையில் நிறைந்த தொட்டி, அடியில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர், காய்ந்தபடியே. மீன் இன்னும் விடவில்லை. இரண்டு நாள் இன்னும் முடியவில்லையாம்.